வேதாரண்யத்துக்கு இரண்டு டிக்கெட்

நடுவில் வேண்டாம்மா. சன்னலோரம் போய் உட்கார்ந்துகொள். இரு, எழுந்து வழி விடுகிறேன். என் முட்டி சொன்ன பேச்சு கேட்காது, மெதுவாகத்தான் எழுந்திருப்பேன். ஆங், போ. பையை நடு இருக்கையில் வைக்காதே, மடியில் வைத்துக்கொள். அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது.

இந்த மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் மட்டும் எங்கிருந்துதான் இவ்வளவு கூட்டம் வருமோ. தஞ்சாவூரிலிருந்து இதுவரைக்கும் காலை நீட்டிக்கொண்டு வந்தேன். நீ எங்கே போகிறாய்? ஆயக்காரன்புலமா? நல்லது, எனக்கு முன்னாலேயே இறங்கிவிடுவாய். நான் வேதாரண்யம் வரைக்கும் போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்துக் கோடியக்கரைக்குப் போக வேண்டும். காட்டுக்கு. மான் பார்க்கவா என்று கேட்காதே. மானைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

அந்தத் தூக்கில் என்ன? மூடியைத் தாண்டி வாசம் வருகிறதே. ஈரல் வறுவலா? தங்கச்சி பிள்ளை பெற்றிருக்கிறாளா! நல்ல அக்காதான் நீ. மூடிமேல் கரித்துண்டு வைத்தாயா?

சிரிக்கிறாய். என் மகள் தமிழரசியும் இப்படித்தான் சிரிப்பாள். கவிச்சி எது எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினாலும் மூடிமேல் ஓர் அடுப்புக்கரித் துண்டு வைக்க வேண்டும். ஈரலோ மீனோ முட்டையோ, எதுவானாலும். இல்லையென்றால் அந்த வாசத்துக்கு ஏதாவது கூடவே வந்துவிடும். வழியில் எத்தனை பேர் செத்திருப்பார்கள், அதில் எத்தனை பேர் சாப்பிடாமல் செத்திருப்பார்கள். கரி இருந்தால் கிட்டே வராது. ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், படிப்பு கிடையாது. ஆனால் இதெல்லாம் தெரியும். தெரிந்ததுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன். வேலையில் இருந்த காலமெல்லாம் கம்பத்து மேலேயே கழிந்தது. ரிட்டையர் ஆனதும் தரையில் நடக்கிற ஆசை வந்துவிட்டது மனுஷனுக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், "தையலு, கெளம்பு" என்பார். என் பெயர் தையல்நாயகி. வடுவூர் ஏரி, கல்லணைப் பூங்கா, மனோரா, தரங்கம்பாடி என்று காலையில் போய் ராத்திரிக்குள் திரும்புகிற மாதிரி தஞ்சாவூரைச் சுற்றி எத்தனை இடம் உண்டோ அத்தனையும். "பெரிய கோயில் பக்கத்துலயே பொறந்து வளந்துட்டு, அதத் தாண்டி ஒண்ணும் பாக்காமலே போய்ச் சேரப்போறியா?" என்பார். எனக்கு எதையும் பார்க்க வேண்டாம். வாரத்தில் ஒருநாள் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தால் போதும். யார் கேட்டார்கள்.

வடுவூரில் கொக்கு பார்க்கப் போனால் வெயில். கல்லணையில் புல்லில் உட்கார்ந்தால் எறும்பு. தரங்கம்பாடியில் காற்று புடவையைப் பிடித்து இழுக்கும். அவர் பாட்டுக்கு முன்னால் நடப்பார். போகிற இடத்தில் போர்டு இருந்தால் நின்று சத்தமாகப் படிப்பார். எனக்காக இல்லை, அவருக்கு எதையும் சத்தமாகப் படித்துத்தான் பழக்கம். நான் கேரியரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வருகிறாளா என்று திரும்பிப் பார்த்திருப்பாரா? மாட்டார். நான் வாய் ஓயாமல் புலம்பிக்கொண்டு வருவேன். அந்தச் சத்தத்தை வைத்தே பின்னால் வருகிறேன் என்று தெரிந்துகொள்வார் போல.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் ராத்திரி தங்கமாட்டார். "அடுத்தவன் தலாணியில தல வெக்க மாட்டேன்" என்பார். தமிழரசி கல்யாணம் திருச்சியில் நடந்தது. பெண்ணின் அப்பா! முதல் நாள் ராத்திரி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து படுத்து, விடியற்காலையில் திரும்பிப் போனார். சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

போன வருஷம் இதே பாலைப்பழக் காலத்தில்தான் கோடியக்கரைக்குப் போனோம். காட்டு வாசலில் ஒருத்தி கூறு கட்டி விற்றாள். மஞ்சளாக, விரல்நுனி அளவு இருக்கும். தின்றால் உதடெல்லாம் பிசின் மாதிரி ஒட்டும், ஆனால் அப்படி ஒரு இனிப்பு. வாங்கித் தாங்களேன் என்றேன். "காட்டுக்குள்ள சும்மாக் கொட்டிக் கெடக்கு, இதப் போயி காசு குடுத்து வாங்குவாங்களா?" என்று முன்னால் போய்விட்டார்.

எனக்கு முட்டி வலி. பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "என்னால ஆவாது, நீங்க போய்ட்டு வாங்க" என்று கத்தினேன். காதில் விழுந்ததோ இல்லையோ.

வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் காட்டு இலாகா காவலர் ஒருவர் வந்தார். "அம்மா, வெள்ளச் சட்டப் பெரியவரு உங்க கூட வந்தவரா?" என்றார். போய்ப் பார்த்தால் பாலை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். "எந்திரிங்க, பஸ்சு போயிரும்" என்று தோளைத் தொட்டேன். மடியில் கைக்குட்டையை விரித்து வைத்திருந்தார். அது நிறையப் பாலைப்பழம். பாரேன், வாசலிலேயே வாங்கியிருக்கலாம். அந்த வெயிலில் குனிந்து குனிந்து பொறுக்கி நெஞ்சை அடைத்துவிட்டது. அதில் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. அவ்வளவு கஞ்சத்தனம்.

ஏம்மா, ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

சரி, கேள். வேதாரண்யத்திலிருந்து வண்டி வைத்து ஊருக்குக் கொண்டுவந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், மடியில் கேரியரோடு. அதைக் கீழே வை என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, கழுவலாம் என்று எடுத்தேன். மூடிமேல் கரித்துண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொரித்த மீனுக்காகக் காலையில் நானே வைத்த கரி.

புரிகிறதா? உடம்பு வந்தது. அவர் வரவில்லை. எப்படி வருவார்? அந்த வண்டிக்குக் கிட்டேயே வந்திருக்க முடியாது. ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்காத மனுஷனை அந்தக் காட்டில் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்து விளக்கேற்றியிருக்கிறேன். சாயங்காலமானால் அங்கே ஒரு விளக்கு கிடையாது தெரியுமா? காற்று மட்டும் வரும், கடல் பக்கத்திலிருந்து.

அப்புறம் எனக்கு எங்கே தூக்கம். கனவிலும் வரவில்லை. காக்கைக்குச் சோறு வைத்தால் தொடவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் தனியாகக் கிளம்பினேன். மடவை மீன் பொரித்து எடுத்துக்கொண்டேன், மோர் சாதமும் கொஞ்சம், எனக்கு. கரி வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. அதே பாலை மரத்தடியில் கேரியரைத் திறந்து வைத்து, "வாங்க, வீட்டுக்குப் போவலாம்" என்றேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மூடிக்கொண்டு திரும்பி நடந்தேன். கூட்டிக்கொண்டு வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. சும்மா நடக்க எனக்கு வராது, பேசிக்கொண்டே வந்தேன். குழாயில் தண்ணீர் வராதது, தமிழரசியின் மாமியார் பேசின பேச்சு, என் முட்டி, எல்லாம்.

பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. அதிலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் என்றைக்குப் பின்னால் நடந்தார்?

பஸ்ஸில் ஒரே கூட்டம். ஆனால் என் பக்கத்து இடம் மட்டும் காலி. வந்து உட்கார்ந்தவர்களெல்லாம் உடனே எழுந்துவிட்டார்கள். "என்னங்க, சீட்டு ஈரமா இருக்கு" என்றாள் ஒருத்தி. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். வீட்டைத் திறந்து, ஒதுங்கி நின்று, "வாங்க" என்றேன்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் குளியலறைக் குழாய் இறுக்கி மூடியிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு குழாயை ஒழுங்காக மூடினவர் இல்லை. சொட்டுச் சொட்டாக விடிய விடியக் கேட்கும். சரி, செத்த பிறகு புத்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய பழைய செருப்பு வாசலில் கிடந்தது. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போவாரே, அப்படியே விட்டு வைத்திருந்தேன். அது ஜோடி சேர்ந்து, சுவரோரமாக நின்றது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சாப்பாட்டில்தான் பிடிபட்டது. அவர் உட்காருகிற இடத்தில் தட்டு வைத்து மீனும் சோறும் போட்டு, கடைசியில் மோர் சாதமும் வைத்தேன். செத்தவர்கள் சாப்பிட்டதில் ருசி இருக்காது, தெரியுமா? கண்ணுக்கு அப்படியே இருக்கும், வாயில் வைத்தால் சக்கை. மீனை எடுத்து வாயில் வைத்தேன். மீன் மீனாகவே இருந்தது, உப்பு உறைப்பு எல்லாம் சரியாக. மோர் சாதத்தை வைத்தேன். தண்ணீரில் அலசின துணி மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் மோர் சாதத்தைக் கையால் தொடமாட்டார். காய்ச்சல்காரன் தின்கிறது என்பார்.

யாரையோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மீனே தின்னாத ஆள் மீன் வாசத்துக்கு எப்படி வந்தது? அதை யோசித்து யோசித்துப் பார்த்தேன். மீனுக்கு வரவில்லை. நான் பேசிக்கொண்டே வந்தேனே, அதற்கு வந்திருக்கிறது.

இருக்கையில் கை வைக்காதேம்மா. ஈரமாகத்தான் இருக்கும். அது ஒன்றும் செய்யாது. பயப்படாதே. சன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொள், அவ்வளவுதான்.

உனக்குப் புரியுமோ என்னவோ, எனக்கு அசிங்கமாகப் போயிற்று. புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை, வீட்டுக்குள் வேறு ஓர் ஆம்பளை. யாரிடம் சொல்வது? புடவை மாற்றக்கூட அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஆனால் ஒன்று, கதவைச் சாத்தினால் அந்தப் பக்கம் வராது. நான் திறக்கிறவரை கூடத்தோடு சரி. பக்கத்து வீட்டு ஜெபமாலை ஒருநாள் கிண்ணம் வாங்க வந்தவள், "யாருக்குக்கா ரெண்டு தட்டு?" என்றாள். "எனக்குத்தான்டி. ஒண்ணுல சோறு, ஒண்ணுல கொழம்பு" என்றேன். "யார்கிட்டயோ பேசிட்டிருந்தீங்களே?" என்றாள். "செவுத்துகிட்ட. அதாவது நின்னு கேக்குது" என்றேன்.

தமிழரசி திருப்பூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் இதுதான். "அம்மா, நீ இப்பல்லாம் சண்டையே போட மாட்டேங்கிறியே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? டாக்டர்கிட்ட போவமா?" பெற்ற மகள் கேட்கிற கேள்வியா இது?

நான் சண்டை போடாமல் என்ன? பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். சாயங்காலம் கீரை ஆய உட்கார்ந்தால் ஆரம்பிப்பேன். என் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது, எனக்கு வந்த சம்பந்தத்தையெல்லாம் தட்டிக் கழித்தது, ஒன்று விடாமல். எங்கள் வீட்டுக்காரர் என்றால் பாதியில் டிவியைப் போட்டுவிடுவார். இது போடாது. ஒருநாள் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் ஒரு பெயர் மறந்துபோய் நிறுத்தினேன். மின்விசிறிகூட நின்ற மாதிரி ஓர் அமைதி. சொல்லு, அப்புறம்? என்கிற மாதிரி. என்ன தொல்லை பார், நிம்மதியாக ஒரு பெயரை மறக்கக்கூட முடியவில்லை.

நாளை மறுநாள் தலைத் திதி. காரியம் செய்த பண்டாரம் அன்றைக்கே சொன்னார்: "வருஷம் திரும்புற வரைக்குந்தான் அம்மா இங்க சுத்திக்கிட்டு இருப்பாங்க. திதி குடுத்துட்டா அவங்க வழி வேற." எங்கே இருக்கிறாரோ அங்கிருந்தே போய்விடுவார். வீட்டு வாசலை மிதிக்காமல். காட்டிலிருந்தே.

அதனால்தான் இன்றைக்குக் கிளம்பினேன். வேறு ஓர் ஆள் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் படியேற மாட்டார், அந்தக் கோபம் எனக்குத் தெரியும். முதலில் இதைக் கொண்டுபோய் விட வேண்டும். மரத்தடியில் சோறு வைத்து, இங்கேயே இருங்க என்று சொல்லிவிட்டு, காலி கேரியரில் கரியைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். நாளைக்கு மறுபடியும் போய், கரி இல்லாமல், அவரை அழைத்து வர வேண்டும். ஒருநாள், ஒரு ராத்திரியாவது வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். என்னால் முடிகிறதோ இல்லையோ, கட்டின கடமை.

கரிக்குத்தான் அலைந்துவிட்டேன். யார் வீட்டில் இப்போது கரி இருக்கிறது? எல்லார் வீட்டிலும் கேஸ். கோடியக்கரை டீக்கடையில்கூடப் போன தடவை பார்த்தேன், கேஸ் அடுப்புதான். இஸ்திரி போடுகிற மகாலிங்கத்திடம் கேட்டேன். அவனும் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டானாம். பழைய சாக்கை உதறி உதறி ஒரே ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தான். "இதான்கா கடேசி. நம்ம தெருவுலயே இனிமே இல்ல" என்றான். இதோ, காகிதத்தில் மடித்து இடுப்பில் வைத்திருக்கிறேன்.

காலையில் கேரியரைக் கட்டிவிட்டு, "கெளம்புங்க" என்றேன். எங்கே என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால் அந்தச் செருப்பு இரண்டும் தெருப்பக்கம் திரும்பி, ஜோடியாக, தயாராக நிற்கிறது. ஊர் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று நினைத்திருக்கும் போல. பாவம்.

பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். கண்டக்டர், "இன்னொரு ஆளு எங்கம்மா?" என்று கேட்டார். "வருவாரு" என்றேன். "எந்த ஸ்டாப்புல?" என்றார். நான் காசை நீட்டினேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார், பொட்டில்லாததைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வடுவூர் ஏரி வந்ததும், "இதுதான் வடுவூரு. பறவைங்க எங்கெங்கேருந்தோ வருமாம்" என்று சொன்னேன், பக்கத்தில் பார்த்து. போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தும் காட்டினேன். எனக்கு எதற்கு அந்த வேலை? கொண்டுபோய் விடப்போகிற ஆளுக்கு ஏரியைக் காட்டி என்ன பிரயோசனம்?

ஒரு நினைப்பு வருகிறது, சொல்கிறேன். இதுவும் யாரோ ஒருத்தியின் புருஷன்தானே. எங்கிருந்தோ ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்து, அங்கேயே நின்றுவிட்ட ஆள். அவளும் என்னைப்போல் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால்? மீன் வாசத்துக்கு எங்கள் வீட்டுக்காரர் அவள் பின்னால் போயிருந்தால்? போயிருப்பார், மீன் என்றால் யார் வீடு என்று பார்க்கமாட்டார். அங்கே உட்கார்ந்துகொண்டு குழாயைத் திறந்து விட்டுக்கொண்டிருப்பார். அவளும் பாவம்தான்.

இல்லையென்றால் அந்த மரத்தடியிலேயே இருப்பார். கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டு. கடைசி பஸ் போகிற சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும்.

அதோ, தகட்டூர் தாண்டிவிட்டது. அடுத்தது உன் ஊர்தான், தூக்கை எடுத்துக்கொள். இரு. இந்தா, இதைப் பிடி. பிடிம்மா. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கவிச்சியை வெறுமனே கொண்டுபோவாயா? மூடிமேல் வை. ஆங், அப்படித்தான். உருளாமல் இந்தக் காகிதத்தோடு சேர்த்து வை.

எனக்கா? எனக்கென்ன, அங்கே டீக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள். கேஸ் அடுப்பாக இருந்தால் என்ன, பின்பக்கம் எங்கேயாவது ஒரு துண்டு கிடக்காமலா போகும். கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம். நீ அதற்கெல்லாம் கவலைப்படாதே. எங்கள் வீட்டுக்காரர் எப்போதும் முன்னால் போகிறவர். அவருக்குத் தெரியாத வழியா, அவருக்குத் தெரியாத பஸ்ஸா? வரவேண்டும் என்று இருந்தால் இந்த ஒரு வருஷத்தில் வந்திருக்க மாட்டாரா?

பாலைப்பழம் இப்போதும் விற்பார்கள். இந்தத் தடவை நானே வாங்கி, மரத்தடியில் கொஞ்சம் வைத்துவிட்டு வருவேன். அவருக்கு அது பிடிக்கும் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அவ்வளவு பொறுக்கியிருப்பாரா?

சரி, எழுந்திரு, பஸ் நிற்கப்போகிறது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். நான் காலை மடக்கிக்கொள்கிறேன், நீ இப்படியே வா. நடுவில் இடிக்குமோ என்று பயப்படாதே, தாராளமாக வா.

பார்த்தாயா, முழங்காலை ஒதுக்கி எப்படி வழி விட்டார்? எங்கள் வீட்டுக்காரராக இருந்தால் அசைந்திருக்கவே மாட்டார்.